மூடின குவாரியில் அப்பா எடுத்த ரீடிங்

அப்பா ரிட்டையர் ஆன முதல் வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பின் சாலை, கட்டடம், சாக்கடை எல்லாவற்றுக்கும் மட்டம் பார்த்த சர்வேயர் அவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அண்ணனூரில் கட்டின சின்ன வீட்டுக்கு வந்த பிறகு, மட்டம் பார்க்க அவருக்கு மிச்சம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். குளியலறைத் தண்ணீர் தப்பான பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று ஒரு வாரம் பேசினார். அடுத்த வாரம் மாடிப்படி. அதற்கடுத்த வாரம், அம்மா இட்லிக் கொப்பரையை அடுப்பில் சாய்வாக வைக்கிறாளாம்.

"ஏட்டி, உங்க அப்பாவை எங்கயாவது கூட்டிட்டுப் போ. இல்லன்னா நான் எங்கயாவது போயிருதேன்" என்றாள் அம்மா என்னிடம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வெளியே எந்தத் தமிழ் பேசினாலும் கோபமும் பாசமும் வந்தால் அந்த ஊர்த் தமிழ்தான் வரும்.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். பட்டறையில் பெரிய மிஷின் ஓடினால் எங்கள் தரை அதிரும், படத்தைத் தாளில் வரைகிற பிளாட்டர் மிஷின் போடுகிற கோடும் சேர்ந்து நெளியும். கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பை வெளியே விட வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சளி பிடித்துவிடும் என்று பயந்த காலம்.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு கல்குவாரியின் வேலை எங்களுக்கு வந்தது. கல் தீர்ந்து மூடிவிட்டார்கள். பள்ளத்தின் பெரும்பகுதியைக் கழிவு மண் போட்டு நிரப்பி, மேலே வேம்பும் புங்கனும் நட்டிருந்தார்கள். நிரப்பின மண் எவ்வளவு இறங்குகிறது, மழை அதை அரித்துக்கொண்டு போகிறதா, செத்துக் கிடந்த அந்த இடம் மறுபடி உயிருள்ள நிலமாகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து சொல்ல வேண்டும். குவாரி முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் தரை எவ்வளவு உயரம் என்று ஒருவர் அளந்து வருவார். அந்த எண்களை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினால், தரை மேல் கொசுவலையை விரித்தது மாதிரி ஒரு உருவம் திரையில் வரும். பழைய வலையிலிருந்து புதிய வலையைக் கழித்தால், இறங்கின இடம் சிவப்பாகவும் ஏறின இடம் நீலமாகவும் தெரியும். ஒரு தடவை வரைந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்து.

அளக்க ஆள் தேடினார்கள். நான் அப்பாவைச் சொன்னேன்.

"எனக்கு எதுக்கும்மா இனி வேலையெல்லாம்" என்றார். பத்து நிமிஷத்தில் சவரம் செய்துகொண்டு நின்றார்.

அந்த வேலை அவரை எப்படி மாற்றியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அளப்பது என்னவோ ஆறு மாதத்துக்கு ஒரு வாரம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாதம் ஏற்பாடு, பின்னால் ஒரு மாதம் பேச்சு. அம்மாவின் இட்லிக் கொப்பரை பிழைத்தது. அப்பா வேலை செய்கிற விதம் பட்டாளத்து விதம். லெவல் கருவியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக் கையை உயர்த்திவிட்டார் என்றால் யாரும் பேசக்கூடாது. எதிரே புள்ளியில் நீளமான அளவுகோலைப் பிடித்து நிற்கும் உதவியாளர் தும்மக்கூடக் கூடாது. எல்லாம் கைச் சைகைதான். பார்த்த எண்ணை உடனே எழுதுவார், எழுதினதை மாற்ற மாட்டார். "கண்ணு பாத்ததைக் கை எழுதணும். மூளைக்கு நடுவுல வேலை கிடையாது" என்பார்.

அளவுகோல் பிடித்தவர் மேனாம்பேட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும், ஓயாமல் பேசுகிறவர். அப்பாவிடம் வந்து அவர் வாயை மூடிக்கொண்டு நின்றது பெரிய தியாகம். முதல் அளவெடுப்பில் புள்ளிக்குப் புள்ளி மர முளை அடித்தவரும் அவர்தான். பாதி முளைகளைப் பக்கத்து ஊர்க்காரர்கள் அடுப்புக்குப் பிடுங்கிப் போய்விட்டார்கள். முள் புதருக்குள் இருந்தவை மட்டும் தப்பின.

இரண்டாவது அளவெடுப்பு முடிந்து நான் வலையைக் கழித்துப் பார்த்தபோது, குவாரி முழுக்கச் சிவப்பு. வடக்கு ஓரத்தில் மட்டும் ஒற்றை நீலப்பொட்டு. ஒரு சாண் உயரம் ஏறியிருந்தது.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "தரை எப்படிம்மா உயரும்? நிரப்பின மண் இறங்கும். ஏறாது. ஏறிச்சுன்னா ரீடிங் தப்பு" என்றார். அது எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிற புள்ளி பிழை. அதை அழித்துவிட்டுச் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் சராசரியைப் போட வேண்டும். அழித்துப் போட்டேன். போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். "அப்பாவுக்கு வயசாகுது இல்ல. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாக்கணும். நீங்க வருத்தப்படக் கூடாது."

எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்ச நாளாகவே இருந்தது. பைபிளைக் கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பிடித்துத்தான் படிப்பார். டம்ளரில் ஊற்றுகிற காப்பி ஒரு தடவை மேஜையில் கொட்டிற்று. ஆவடி பஸ் ஸ்டாண்டில் தப்பான பஸ்ஸில் ஏறி, திருவேற்காட்டில் போய் இறங்கி, "அங்க ஒரு ஆளைப் பாக்க வேண்டியிருந்தது" என்று சமாளித்தார். அங்கே அவருக்கு ஒரு ஆளும் கிடையாது.

வேலை போனால் மறுபடி வீட்டுக்குள் உட்கார்ந்து உளுத்துப்போவார். எனக்கு அது ஒன்றுதான் பயம். அதனால் மூன்றாவது அளவெடுப்பு வந்தபோது, மேனேஜர் வருவதற்கு முன்னாலேயே அந்தப் புள்ளியைப் பார்த்தேன். அதே இடம். இந்தத் தடவை முழங்கால் உயரம். மற்ற எண்களெல்லாம் கச்சிதம், ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்க்கிற கணக்கும் சுத்தமாக நின்றது. ஆனால் நடுவில் எடுக்கிற ஒற்றை ரீடிங்கின் பிழையை அந்தக் கணக்கு பிடிக்காது. சத்தம் காட்டாமல் அழித்துவிட்டு, சராசரியைப் போட்டேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு மத்தியானச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. "அப்பா, அந்த இடத்தில் என்ன இருக்கிறது?" ஆனால் கேட்டால், உங்கள் கண் போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும் என்று பயந்தேன். வாய் கிழியப் பேசுகிறவள் நான். அந்த ஒரு விஷயத்தில் ஊமையாகிவிட்டேன்.

கருவியைத் திருப்பிக் கொடுக்க அவர் ஆபீசுக்கு வந்த அன்று, பிளாட்டர் போட்ட படம் சுவரில் மாட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, வடக்கு ஓரத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல நான் எடுத்தது இது இல்லையேம்மா."

"கம்ப்யூட்டர் சராசரி பாத்துப் போடும்ப்பா" என்றேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் சத்தம் குறைந்துபோயிற்று. சாய்வைப் பற்றியோ கோணலைப் பற்றியோ பேச்சே இல்லை. பேப்பரை அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் நம்பர் கேட்டார். சர்ச்சில் அம்மா அவருடைய கண்ணுக்காகத் தனியாக ஜெபம் பண்ணச் சொல்லி பாதிரி ஐயரிடம் போய் நின்றாள். இதையெல்லாம் பார்க்கப் பார்க்க, நான் செய்தது சரிதான் என்று எனக்கு இன்னும் உறுதியானது. பாவம், கண் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நாலாவது அளவெடுப்பில் அந்தப் புள்ளி இடுப்பளவுக்கு ஏறி வந்தபோது, யோசிக்கக்கூட இல்லை. அழித்தேன்.

படம் தயாரான வாரம், ஒரு சனிக்கிழமை, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். அப்பாவின் எழுத்து. எழுத்துகள் ஒவ்வொன்றும் மட்டம் வைத்தது போல நின்றன. கண்பார்வை முன்போல் இல்லாததாலும், தன்னுடைய அளவுகளில் திருத்தம் தேவைப்படுவதாகத் தெரிவதாலும், இந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதியிருந்தார்.

"நீங்க சொல்லி எழுதினாரா?" என்றார் மேனேஜர்.

இல்லை என்றேன். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று கேட்டு, கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன். அதற்குள் என்ன செய்வது என்று ஒன்றும் தெரியவில்லை. குவாரியில் அந்த மூலையில் புதர் அதிகம் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். தப்பு அவருடைய கண்ணில் இல்லை, புதரில்தான் என்று நிரூபிக்க ஏதாவது கிடைக்காதா என்று ஒரு நப்பாசை.

மறுநாள் சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, அவர்கள் கிளம்பினதும் நானும் கிளம்பினேன். மேனாம்பேட்டுக்குப் போய் அளவுகோல் பிடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு, பூந்தமல்லி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து இறங்கி நடந்தோம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை.

ஒன்றரை வருஷமாகத் திரையில் வலையாகப் பார்த்த இடத்தை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். வேம்புகள் என் தோள் உயரம் இருந்தன. மூலையில் தேங்கின தண்ணீரில் கொக்கு நின்றது. எனக்கு நின்று பார்க்கப் பொறுமை இல்லை. "வடக்கு ஓரத்துல கடைசி வரிசை. அந்தப் புள்ளி எங்கண்ணே?" என்றேன்.

"தோ, முள்ளாண்ட வாம்மா. செருப்ப கயட்டிட்டு வா."

"எதுக்கு?"

"வாம்மா சொல்றேன்."

முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. கரையான் கட்டின, நல்ல செம்மண் புற்று. மேலே யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்து, காய்ந்த பூச்சரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

"முளை அடிச்சோம்ல, அத்த கரையான் புடிச்சிடுச்சி. மொதல்ல சும்மா மண்ணு குமியலாத்தான் இருந்துச்சி. முளை இருந்த எடத்துல வெக்கணும்னு அய்யா சொல்லிகிறாரே, அது மேலயே கோலை வெச்சேன். அப்பால ஏறிகினே போச்சி. மஞ்ச பூசினதுக்கு அப்பால மனசு கேக்கல. செருப்ப கயட்டிட்டு, கன்னத்துல போட்டுகினு, நுனியில லேசா வெச்சேன்."

"இதை அப்பாகிட்ட சொல்லவே இல்லையாண்ணே?"

"அய்யா கைய தூக்கிட்டாருன்னா வாய தொறக்கலாமா? கண்ணாடியில பாக்கறாரே, தெரியாமயா இருக்கும்னு நெனச்சிகினேன்."

கண்ணாடியில் எப்படித் தெரியும்? ஐம்பது அறுபது அடிக்கு அப்பால் நிற்கிற மனிதருக்கு முள்ளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற அளவுகோலின் எண்கள் தெரியும். கோலின் அடி எதன் மேல் நிற்கிறது என்று தெரியாது. எண் விநோதமாகத்தான் பட்டிருக்கும். மறுபடி பார்த்திருப்பார், மறுபடியும் அதே எண்தான் வந்திருக்கும். பார்த்ததை எழுதினார்.

கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் புற்றை அளந்தேன். அப்பாவின் கடைசி ரீடிங்குக்கும் அதற்கும் ஒரு விரற்கடைகூட வித்தியாசம் இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெறும் கல்லும் கழிவு மண்ணும் கொட்டின இடத்தில் கரையான் வந்து குடியேறுகிறது என்றால், அந்த மண்ணில் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கத்தான் கம்பெனி, கம்ப்யூட்டர், பிளாட்டர், நான், எல்லாம். அது தானாக எழுந்து நின்று ஒவ்வொரு ஆறு மாதமும் வளர்ந்து காட்டியிருக்கிறது. அப்பா ஒவ்வொரு தடவையும் அதை அளந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தட்டித் தட்டி மட்டமாக்கியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"இன்னாம்மா, புத்தாண்ட உக்காந்துகினு அழுவுற. பாம்பு கீம்பு இருக்கப்போவுது, எழுந்துரு" என்றார் அவர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். "தலைவலின்னு சொல்லிட்டு எங்கட்டி போன?" என்றாள். நான் அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, வடக்கு ஓரத்துப் புள்ளியில புத்து இருக்கு. இடுப்பளவு. இன்னைக்குப் போய் அளந்துட்டு வந்தேன். உங்க ரீடிங் மூணும் சரி. மூணையும் அழிச்சது நான்தான். கம்ப்யூட்டர் இல்ல."

அம்மா பேப்பரைக் கீழே வைத்தாள். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"ஆவடியில ஒரு கண் டாக்டர்ட்ட போனேன்" என்றார். "அம்பத்தூர்ல ஒருத்தர்ட்டயும் போனேன். உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. தூரத்துப் பார்வை நல்லாத்தான் இருக்கு, கிட்டத்துக்கு மட்டும் கண்ணாடியை மாத்துங்கன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க."

"அப்புறம் ஏம்ப்பா லெட்டர் எழுதினீங்க?"

"கம்ப்யூட்டர்னு நீ சொன்னாலும், அதுல உக்காந்திருக்கது நீதானே. நீ காரணம் இல்லாம ஒண்ணை அழிக்க மாட்டல்லா. டாக்டருக்கு என்ன தெரியும், எம் மக பாத்துட்டான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எதைப் பாத்தாலும் எனக்கு நிச்சயமாத் தெரியல."

கிட்டத்துப் பார்வையைத் தவிர அவருடைய கண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பேப்பரைக் கொடுத்ததும், பஸ் நம்பரைக் கேட்டதும், எல்லாம் என்னால். அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். இருபத்தாறு வயசு எனக்கு, ஆபீசில் எல்லோரையும் விரட்டுகிற ஆள். அம்மா ஒன்றும் புரியாமல் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கைப்பையிலிருந்து அவருடைய கடிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். நாளைக்கு மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்கிறேன், அடுத்த தடவையும் நீங்கள்தான் போகிறீர்கள் என்றேன். கடிதத்தைப் பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிறவர் போலக் கேட்டார்.

"அந்த மூணு புள்ளியையும் திரும்பப் போட முடியுமாம்மா?"

"நாளைக்கே போட்டுருதேன்ப்பா."

"சராசரி பாக்காம?" என்றார். "என் ரீடிங்கையேவா?"